காத்தான்குடி சொன்னது, கொழும்பு கேட்கவில்லை

தேசிய தவ்ஹீத் ஜமாஅத், இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காத்தான்குடியில் 2012 வாக்கில் தொடங்கப்பட்ட ஒரு சிறு மத அமைப்பு. அதைத் தொடங்கியவர் சஹ்ரான் ஹாஷிம். ஏழே ஆண்டுகளில், 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று, அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் நட்சத்திர விடுதிகள் மூன்றிலும் உடலில் குண்டு கட்டிக்கொண்டு நுழைந்தார்கள். 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறக்குறைய 500 பேர் காயமடைந்தார்கள். 2009-இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு இலங்கை கண்ட மிகப் பெரிய படுகொலை அது. தமிழ்நாடும் புதுச்சேரியும் மக்களவைத் தேர்தலில் வாக்களித்து அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வாக்கு நிலவரம் பேசிக்கொண்டிருந்த தொலைக்காட்சிகள் அன்று முழுக்கக் கொழும்பைக் காட்டின.

காஷ்மீரின் ஹிஸ்புல் முஜாஹிதீனைப் போலவோ தெற்கு பிலிப்பைன்ஸின் மோரோ இயக்கங்களைப் போலவோ இந்தக் குழு காட்டில் முகாமிட்டுப் படையோடு ஆண்டுக்கணக்கில் மோதியதல்ல. அதற்கு ஆளும் நிலம் இல்லை, அரசியல் கோரிக்கை இல்லை, பேச்சுவார்த்தைக்கு அனுப்ப ஒரு பிரதிநிதியும் இல்லை. அதனிடம் இருந்தவை தமிழில் பேசப்பட்ட நூற்றுக்கணக்கான காணொளிகள், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சிலர், ஒரு தென்னந்தோட்டம், ஒரு குடும்பம். இவற்றை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய அழிவைச் செய்ய முடிந்தது என்றால், அதற்குக் குழுவின் திறமை மட்டும் காரணமல்ல. சஹ்ரானைப் பற்றி முதலில் புகார் கொடுத்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள். அந்தப் புகார்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆயின என்பதே இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி.

ஊரும் அதன் காயமும்

ஒரு பக்கம் மட்டக்களப்பு வாவி, மறு பக்கம் நம் புதுச்சேரி முத்தியால்பேட்டைக் கரையில் வந்து அலையடிக்கும் அதே வங்கக்கடல். நடுவே ஒடுங்கிய நிலத்தில் நெருக்கியடித்து எழுந்த ஊர் காத்தான்குடி. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். வீட்டிலும் கடையிலும் பள்ளிவாசலின் மார்க்க உரையான பயானிலும் தமிழ்தான். நெசவும் வியாபாரமும் ஊரின் தொழில். காத்தான்குடிக் கடைக்காரரைத் தீவு முழுவதும் பார்க்கலாம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய ஊர்களோடு கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு நூற்றாண்டுத் தொடர்பு உண்டு. மவ்லூது ஓதுவதும் தர்காவில் கந்தூரி கொடுப்பதும் அந்த வழியில் வந்த பழக்கங்கள். காரைக்கால் மஸ்தான் சாகிப் தர்காவில் கொடியேற்றம் பார்த்தவருக்குப் பழைய காத்தான்குடி அந்நிய ஊராகத் தோன்றியிருக்காது.

1990 ஆகஸ்ட் 3 அன்று இரவு, இஷா தொழுகை நடந்துகொண்டிருந்தபோது விடுதலைப் புலிகள் அந்த ஊரின் மீரா ஜும்மா பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் புகுந்து சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் தொழுகை விரிப்பிலேயே மாண்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். குண்டு துளைத்த சுவரை ஊர் இன்றும் பூசாமல் வைத்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். ஒரே மொழி பேசிய இரண்டு சமூகங்களுக்கு இடையில் விழுந்த இந்த வெட்டு கிழக்கு முஸ்லிம்களைத் தங்களுக்குள் சுருங்க வைத்தது. தமிழர் என்ற அடையாளத்தில் இனி பாதுகாப்பில்லை என்று எண்ணிய தலைமுறைக்கு மதமே முழு அடையாளமானது.

அதே காலத்தில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் பணத்தோடு வேறொரு மார்க்கப் புரிதலையும் கொண்டுவந்தார்கள். தமிழகப் பேச்சாளர்களின் ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் கடல் தாண்டிப் போயின. தர்கா வழிபாடு இறைவனுக்கு இணைவைப்பது என்பதே அந்தப் பேச்சின் சாரம். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தவ்ஹீத் கொள்கையை ஏற்றவர்கள் இரு நாட்டிலும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுதத்தைத் தொட்டவர்களில்லை. தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்தும் ஸ்ரீலங்கா தவ்ஹீத் ஜமாஅத்தும் சஹ்ரானின் அமைப்பிலிருந்து வேறானவை. பெயர் ஒத்திருந்த ஒரே காரணத்துக்காக 2019-இல் அவர்கள் ஊடகத்தின் முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் காத்தான்குடியில் இந்தச் சண்டை வெறும் மேடைப் பேச்சாக நிற்கவில்லை என்பதும் உண்மை. அங்கே சூஃபி வழியில் பேசிய அப்துர் ரவூஃப் மௌலவியை மதத்தை விட்டு வெளியேறியவர் என்று 1979-இலேயே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா தீர்ப்பளித்திருந்தது. 2004-இல் இன்னொரு சூஃபித் தலைவரின் சீடர்கள் மீது கலவரம் பாய்ந்தது. 2006 டிசம்பரில் அவர் இறந்தபோது, அடக்கம் செய்த உடலைத் தோண்டியெடுக்கும் அளவுக்கு வெறி முற்றியது. கருத்து வேறுபட்டவரை அடிக்கலாம், விரட்டலாம் என்ற துணிச்சல் சஹ்ரானுக்கு முன்பே அந்தத் தெருக்களில் பழகிப்போயிருந்தது. அன்று அதைத் தட்டிக்கேட்க அரசும் வரவில்லை, ஊர்ப் பெரியவர்களும் போதிய அளவு முன்வரவில்லை.

மதரஸா வெளியேற்றிய மாணவர்

சஹ்ரான் 1980-களின் நடுவில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பம். கடற்கரைக்கு அருகே சந்தின் கோடியில் சிறு வீடு. பன்னிரண்டு வயதில் ஊரின் ஜாமிஅத்துல் ஃபலாஹ் அரபுக் கல்லூரியில் சேர்ந்து, மூன்றே ஆண்டுகளில் குர்ஆனை மனனம் செய்தார். நினைவாற்றலும் நாவன்மையும் அவருக்கு வாய்த்திருந்தன. அடுத்த கட்டப் பாடத்தில் சிக்கல் தொடங்கியது. ஆசிரியர்கள் மார்க்கத்தைத் தளர்த்திச் சொல்கிறார்கள் என்று அவர்களோடே வாதாடினார். 2005-இல் கல்லூரி அவரை வெளியேற்றியது.

அடுத்த ஆண்டு தாருல் அதர் என்ற பள்ளிவாசலில் சேர்ந்து பேச ஆரம்பித்தார். அங்கும் அதே கதைதான். நிர்வாகத்தைக் கேட்காமல் பயான் செய்தார். மற்றவர்களைப் பெயர் சொல்லித் தாக்கினார். 2009-இல் நிர்வாகம் மூன்று மாதம் பேசக்கூடாது என்று தடை போட்டதும் கோபித்துக்கொண்டு வெளியேறினார். எந்தச் சபையிலும் தன் பேச்சுக்கு மறுபேச்சு வரக்கூடாது என்ற மனிதருக்குக் கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. தகரக் கூரை போட்டுச் சொந்தமாக ஒரு பள்ளிவாசல் வைத்தார். தேசிய தவ்ஹீத் ஜமாஅத் பிறந்தது இப்படித்தான்.

பேச்சு நன்றாக எடுபட்டது. ஃபேஸ்புக்கும் யூடியூபும் அவரைக் காத்தான்குடிக்கு வெளியே கொண்டுபோயின. 2014-இல் அளுத்கமவிலும் 2018-இல் திகனவிலும் சிங்களக் கும்பல்கள் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தபோது, அரசு தடுக்கத் தவறியதைப் பலரும் கண்டித்தார்கள். சஹ்ரான் அதைத் தன் ஆள்பிடிப்புக்குப் பயன்படுத்தினார். எரிந்த கடையின் படத்தைக் காட்டி, முஸ்லிமல்லாதவரோடு சேர்ந்து வாழவே முடியாது என்றார். உண்மையான ஒரு குறையை எடுத்துக்கொண்டு அதற்குப் பொய்யான ஒரு முடிவைக் கட்டும் வித்தை அது. சிங்கள பௌத்த அமைப்பான பொதுபல சேனாவின் ஞானசார தேரர் சிங்களத்தில் செய்த பிரசாரமும் சஹ்ரான் தமிழில் செய்த பிரசாரமும் ஒன்றுக்கொன்று தீனி போட்டன. பின்னாளில் அமைந்த ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு பொதுபல சேனாவையும் தடை செய்யச் சொன்னதற்கு இதுவே காரணம்.

அலியார் சந்தி

2017 மார்ச் 10 அன்று காத்தான்குடி அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்களும் அப்துர் ரவூஃப் மௌலவியின் ஆதரவாளர்களும் மோதினார்கள். சஹ்ரான் தரப்பினர் வாளோடு வந்தார்கள். சூஃபி தரப்பில் பலர் காயமடைந்தார்கள். சஹ்ரானின் ஆட்கள் பலர் கைதானார்கள். சஹ்ரான் தப்பித் தலைமறைவானார். அதன்பின் உயிரோடு போலீஸ் கையில் அவர் சிக்கவேயில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. சூஃபி மக்கள் தெருவில் இறங்கி அவரைக் கைது செய்யக் கோரினார்கள். மேலிடங்களுக்கு மனு எழுதினார்கள். அவருடைய ஜமாஅத்தே அவருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தது. இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் துணைத் தலைவர் ஹில்மி அஹமட், தாக்குதலுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்த மனிதரைப் பற்றி ராணுவப் புலனாய்வு அதிகாரிகளிடம் நேரில் எச்சரித்ததாகப் பின்னர் தெரிவித்தார். பயங்கரவாத விசாரணைப் பிரிவு அவரைப் பிடிக்க நீதிமன்றப் பிடியாணையும் வாங்கியது. ஆனால் அந்தப் பிரிவின் தலைவர் டி.ஐ.ஜி. நாலக டி சில்வா, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைக் கொல்லச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் 2018 அக்டோபரில் கைதானார். தேடுதலை நடத்திய கையே கட்டப்பட்டது. சஹ்ரானுக்கு அதைவிட நல்ல காலம் வாய்த்திருக்க முடியாது.

தலைமறைவுக் காலத்தில்தான் குழுவின் தன்மை மாறியது. காத்தான்குடிப் பையன்களோடு தீவின் வேறு பகுதிகளைச் சேர்ந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஐ.எஸ். இயக்கத்தின் மீது மயங்கிய இலங்கையர்கள் அதற்குமுன்பே இருந்தார்கள். கலேவெலையைச் சேர்ந்த ஒருவர் 2015-இல் சிரியாவில் கொல்லப்பட்டிருந்தார். 32 பேர் குடும்பத்தோடு அங்கே போயிருக்கிறார்கள், அவர்கள் படித்த வசதியான வீட்டுக்காரர்கள் என்று நீதியமைச்சர் விஜேதாச ராஜபக்ஷ 2016 நவம்பரில் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். இந்த வட்டத்திலிருந்து வந்த ஜமாஅத்தே மில்லத்து இப்ராஹிம் என்ற குழுவும் சஹ்ரானின் ஆட்களும் கைகோத்தார்கள். ஒரு தரப்பிடம் பேச்சும் வெறியும் இருந்தன. மறு தரப்பிடம் காசும் ஆங்கிலமும் இருந்தன. கொழும்பின் பெரிய மசாலா ஏற்றுமதியாளர் ஒருவரின் மகன்களான இன்ஷாஃப், இல்ஹாம் இருவரும், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்த அப்துல் லத்தீஃப் ஜமீலும் அப்படி வந்தவர்கள். பசியும் வேலையின்மையும் மட்டுமே ஒருவரைத் தற்கொலைக் குண்டாக்கும் என்ற கணக்கு இவர்கள் விஷயத்தில் பொய்த்துப்போகிறது.

ஐந்து மாத அறிகுறிகள்

2018-இல் சஹ்ரானின் தம்பி ரில்வான் வெடிபொருளைச் சோதித்துப் பார்த்தபோது விரல்களை இழந்தார். பொய்ப்பெயரில் கொழும்பு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். விபத்து என்று சொன்னதை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

நவம்பர் 30 அன்று மட்டக்களப்புக்கு அருகே வவுணதீவு சோதனைச் சாவடியில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டு, துப்பாக்கிகள் பறிக்கப்பட்டன. மாவீரர் நாள் முடிந்து மூன்று நாளே ஆகியிருந்ததால் சந்தேகம் நேராக முன்னாள் புலிகள் மீது போனது. புனர்வாழ்வு பெற்றுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஒரு முன்னாள் போராளி மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். செய்தது சஹ்ரான் குழு என்பது ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகே வெளிவந்தது. பழைய எதிரியையே தேடிக்கொண்டிருந்த கண்ணுக்குப் புது எதிரி தெரியவில்லை.

டிசம்பர் கடைசி வாரத்தில் மாவனெல்லவில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்தத் தடத்தைப் பிடித்துப் போன குற்றப் புலனாய்வுத் துறை, 2019 ஜனவரி நடுவில் புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தைச் சோதனையிட்டு, ஏறக்குறைய 100 கிலோ வெடிபொருளையும் டெட்டனேட்டர்களையும் கைப்பற்றியது. அந்த விசாரணைக்கு உதவியவர் மாவனெல்லயைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். அமைச்சர் கபீர் ஹாஷிமின் ஒருங்கிணைப்புச் செயலாளர். மார்ச் மாதம் அவர் வீட்டுக்குள் நுழைந்து, தூங்கிக்கொண்டிருந்தவரின் தலையில் சுட்டார்கள். உயிர் பிழைத்தார்; உடல் முடங்கியது. நாட்டைக் காப்பாற்றத் தன்னால் ஆனதைச் செய்த அந்த மனிதரின் பெயரை இலங்கையிலேயே எத்தனை பேர் இன்று நினைவில் வைத்திருக்கிறார்கள்?

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் மார்ச் 15 அன்று நடந்த படுகொலைக்குப் பழிவாங்கவே ஈஸ்டர் தாக்குதல் நடந்தது என்று ஓர் அமைச்சர் முதலில் சொன்னார். தேதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தென்னந்தோட்டத்தில் வெடிபொருள் பிடிபட்டது அதற்கு இரண்டு மாதம் முன்பு.

ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து அரச புலனாய்வுச் சேவையின் தலைவர் நிலந்த ஜயவர்தனவுக்கு எச்சரிக்கை வந்தது. கோவையில் 2018-இல் கைதான ஐ.எஸ். ஆதரவாளர்களிடம் சஹ்ரானின் காணொளிகள் கிடைத்திருந்தன; அந்த நூலைப் பிடித்தே இந்தியப் புலனாய்வு அமைப்புகள் அவரைப் பின்தொடர்ந்தன. தாக்கப்போவது யார், தற்கொலைத் தாக்குதல், தேவாலயங்கள், இந்தியத் தூதரகம் என்பன வரை அந்தத் தகவலில் இருந்தன. 9-ஆம் தேதி அது போலீஸ் மா அதிபருக்குப் போனது. 11-ஆம் தேதி ஒரு டி.ஐ.ஜி. சஹ்ரானின் பெயரோடு சுற்றறிக்கை விட்டார். அது முக்கியப் பிரமுகர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் பிரிவுகளுக்குப் போனது, தேவாலயங்களுக்குப் போகவில்லை. 16-ஆம் தேதி காத்தான்குடிக்கு அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. அது ஒத்திகை. 20-ஆம் தேதி மாலையும், ஞாயிறு காலை குண்டு வெடிக்கச் சற்று முன்பும் மீண்டும் எச்சரிக்கைகள் வந்தன.

ஜனாதிபதி சிறிசேன அந்த வாரம் திருப்பதியில் ஏழுமலையானைத் தரிசித்துவிட்டு சிங்கப்பூரில் இருந்தார். பிரதமர் ரணில் விக்ரமசிங்கவைப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கே அழைக்கவில்லை. 2018 அக்டோபர் 26 அன்று ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கி, உச்ச நீதிமன்றம் தலையிட்டபின் மறுபடி ரணிலையே ஏற்க வேண்டிவந்த அந்த அரசியல் சண்டை, இரண்டு தலைவர்களையும் ஒரே மேசையில் உட்கார விடவில்லை. தகவல் வந்தது, அதை எடுத்து நடத்த ஒரு அரசாங்கம் அங்கே இல்லை.

ஈஸ்டர் காலை

காலை 8.45 மணிக்குத் தொடங்கியது. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் கத்தோலிக்கர் மட்டும் போகும் இடமல்ல. செவ்வாய்க்கிழமையானால் இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும்கூட மெழுகுதிரி ஏற்றப் போவார்கள். அங்கே முதல் குண்டு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்தில் முதுகுப்பை மாட்டிய இளைஞர் முற்றத்தைக் கடந்து உள்ளே போவது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. போகிற வழியில் ஒரு குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டுப் போகிறார். அந்த ஓர் ஆலயத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஷங்ரி-லா விடுதியில் சஹ்ரானும் இல்ஹாமும், சினமன் கிராண்டில் இன்ஷாஃபும், கிங்ஸ்பரியில் இன்னொருவரும் காலை உணவு நேரத்தில் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். தாஜ் சமுத்ராவுக்குப் போன ஜமீலின் குண்டு வெடிக்கவில்லை. பிற்பகலில் தெஹிவளையில் ஒரு சிறு விடுதியில் அது வெடித்து இருவர் இறந்தார்கள். தெமட்டகொடவில் மசாலா வணிகரின் வீட்டைச் சோதனையிடப் போலீஸ் போனபோது, இல்ஹாமின் மனைவி தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குண்டை வெடிக்கவைத்தார். மூன்று போலீஸ்காரர்கள் மாண்டார்கள்.

மட்டக்களப்பில் நடந்தது தனியாகச் சொல்ல வேண்டியது. குண்டுதாரி குறிவைத்தது மரியாள் பேராலயத்தை. அங்கே பூசை முன்பே முடிந்துவிட்டதால் சீயோன் தேவாலயத்துக்கு வந்தார். ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையோடு நின்ற புது ஆளைக் கண்டு சபை உறுப்பினர் ஒருவர் விசாரித்தார். ஆராதனையைப் படம் பிடிக்கக் கேமரா கொண்டுவந்திருப்பதாகப் பதில் வந்தது. அதை நம்பாமல் அவரை வெளியே அழைத்துவந்தார். உள்ளே ஆராதனைக்குக் கூடியிருந்தவர்கள் ஏராளம். வாசலில் வெடித்த குண்டு அந்த உறுப்பினரையும், முற்றத்தில் இருந்த பிள்ளைகள் பலரையும் கொன்றது. மட்டக்களப்பில் இறந்தவர்கள் ஏறக்குறைய முப்பது பேர், பாதிப்பேர் பிள்ளைகள். கொன்றவரும் தமிழ் பேசியவர், கொல்லப்பட்டவர்களும் தமிழ் பேசியவர்கள், இடையே நடந்த அந்தக் கடைசி விசாரிப்பும் தமிழில்தான்.

23-ஆம் தேதி ஐ.எஸ். பொறுப்பேற்றது. முகம் மூடிய ஏழு பேருக்கு நடுவே சஹ்ரான் மட்டும் முகம் காட்டி, அந்த இயக்கத்தின் தலைவர் அபூபக்கர் அல் பக்தாதிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யும் காணொளி வெளிவந்தது. 29-ஆம் தேதி வந்த காணொளியில் பக்தாதியே தோன்றி, சிரியாவில் பாகூஸ் வீழ்ந்ததற்குப் பழி என்றார். பாகூஸ் எங்கே இருக்கிறது என்று சீயோன் தேவாலயப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஏப்ரல் 26 அன்று கல்முனைக்கு அருகே சாய்ந்தமருதில், வாடகைக்கு வந்திருந்த புதியவர்கள் மீது ஊர் முஸ்லிம்களுக்குச் சந்தேகம் வந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தினர் போய் விசாரித்தார்கள். துப்பாக்கியைக் கண்டதும் பாதுகாப்புப் படைக்குச் சொன்னார்கள். சுற்றி வளைக்கப்பட்டதும் சஹ்ரானின் தந்தையும் தம்பிகளும் பெண்டுபிள்ளைகளை வைத்துக்கொண்டே குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். ஆறு சிறுவர்கள் உட்பட 15 பேர் இறந்தார்கள். சஹ்ரானின் மனைவியும் ஒரு மகளும் காயத்தோடு மீட்கப்பட்டார்கள். இன்னொரு தாக்குதலுக்குத் தயாராக இருந்த அந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தது சாய்ந்தமருது முஸ்லிம்கள்தான்.

தண்டனை யாருக்கு

கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்கல் கூடாது என்று மன்றாடியதால் கத்தோலிக்க மக்கள் பெருமளவு அமைதி காத்தார்கள். அரசியல்வாதிகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. மே 12, 13 தேதிகளில் குளியாப்பிட்டி, மினுவாங்கொட, நாத்தாண்டிய பகுதிகளில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவர் வாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். ஜூன் 3 அன்று முஸ்லிம் அமைச்சர்கள் அனைவரும் பதவி விலகினார்கள். குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் சிங்களப் பெண்களுக்கு ரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற கட்டுக்கதை நாளேட்டின் முதல் பக்கத்தில் வந்தது. தாக்குதல் நடந்த சில நாளில் ஜனாதிபதி வேட்பாளராக நிற்பதாக அறிவித்த கோத்தபாய ராஜபக்ஷ, தேசியப் பாதுகாப்பைப் பேசியே நவம்பரில் வென்றார்.

அஹ்னாஃப் ஜஸீமின் வழக்கு தமிழ் வாசகருக்குத் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். மன்னார் பகுதியைச் சேர்ந்த இந்த இளம் ஆசிரியர் ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை 2017-இல் வெளியிட்டிருந்தார். 2020 மே மாதம் அது தீவிரவாதம் பரப்பும் நூல் என்று சொல்லிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைக் கைது செய்தார்கள். தமிழ் அறிந்தவர்கள் படித்துப் பார்த்தபோது, போரையும் ஐ.எஸ். இயக்கத்தையும் எதிர்க்கும் கவிதைகள் அதில் இருந்தன. ஒன்றரை ஆண்டு சிறையில் இருந்து பிணையில் வந்து, 2023 டிசம்பரில் புத்தளம் உயர் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். சஹ்ரானின் தமிழ்ப் பேச்சைக் காலத்தில் கேட்கத் தவறிய அரசு, ஐ.எஸ். இயக்கத்தை எதிர்த்து எழுதிய தமிழைக் குற்றமாக்கியது.

தமிழகத்திலும் இதன் எச்சம் தொடர்ந்தது. 2019 ஜூனில் தேசியப் புலனாய்வு முகமை கோவையில் பல வீடுகளைச் சோதனையிட்டு, சஹ்ரானோடு ஃபேஸ்புக்கில் தொடர்பிலிருந்ததாகச் சொல்லி ஒருவரைக் கைது செய்தது. அப்போது விசாரிக்கப்பட்டு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ஜமேஷா முபின். 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முதல் நாள் அதிகாலை, உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்து இறந்தவர் அவர்தான். இறந்தவரின் தூண்டுகோல்களில் சஹ்ரானின் பேச்சும் ஒன்று என்று முகமை நீதிமன்றத்தில் சொன்னது. அந்த உடலைக் கோவை ஜமாஅத்துகள் ஏற்றுக்கொள்ளத் தயங்கின. மறுவாரமே ஜமாஅத் பெரியவர்கள் அந்தக் கோயிலுக்குப் போய் நிர்வாகத்தினரைச் சந்தித்தார்கள். காத்தான்குடி தனியாக நின்று செய்ததைக் கோவை கூட்டாகச் செய்தது.

வழக்குகள் மெதுவாகவே நகர்ந்தன. ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்து, சிறிசேன மீதே குற்ற வழக்குத் தொடரலாம் என்றது. அந்த ஆண்டு நவம்பரில் 25 பேர் மீது 23,270 குற்றச்சாட்டுகளோடு கொழும்பில் வழக்கு தொடங்கியது. சஹ்ரானுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் என்று சொல்லப்படும் நௌஃபர் மௌலவி அதில் முக்கிய எதிரி. இந்தக் குழுவைப் புலனாய்வு அதிகாரிகள் சிலரே அரசியல் லாபத்துக்காக வளரவிட்டார்கள் என்று 2023 செப்டம்பரில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி குற்றம் சாட்டியது. அதில் பெயர் சொல்லப்பட்ட அதிகாரி அதை முழுமையாக மறுத்தார். கர்தினால் ரஞ்சித் தொடக்கத்திலிருந்தே கேட்டுவரும் கேள்வியும் இதைச் சுற்றியதுதான்: குண்டு கட்டியவர்களின் பெயர் தெரியும், அவர்களைத் தடுக்காதவர்கள் ஏன் தடுக்கவில்லை?

உச்ச நீதிமன்றம் அதில் ஒரு பாதிக்குப் பதில் சொல்லியிருக்கிறது. 2023 ஜனவரி 12 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, தகவல் கையில் இருந்தும் செயல்படாததால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடாக சிறிசேன 10 கோடி ரூபாயும், முன்னாள் போலீஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் நிலந்த ஜயவர்தனவும் தலா ஏழரைக் கோடியும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடியும் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்றது. சிறிசேன தவணை கேட்டு, 2024-இல் கட்டி முடித்தார். இந்தியாவின் எச்சரிக்கையை முதலில் பெற்ற நிலந்த ஜயவர்தன, கடமை தவறியது ஒழுக்காற்று விசாரணையில் உறுதியானதால் 2025 ஜூலையில் போலீஸ் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். எச்சரிக்கை வந்த நாளிலிருந்து அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.